குதிரைக்கு அரியர் கிடையாது



முதல்ல ஒரு சின்ன கேள்வி. போன வாரம் மட்டும் "நான் பிஸி"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? அம்மா போன் பண்ணும்போது ஒரு தடவை, ஸ்கூல் ஃப்ரெண்ட் மெசேஜ் போட்டப்போ ஒரு தடவை, ரூம்மேட் "கடைக்குப் போலாமா"ன்னு கேட்டப்போ ஒரு தடவை. நம்ம கேம்பஸ்ல பிஸியா இருக்கிறது ஒரு கெத்து. இன்டர்னல்ஸ், லேப் ரெக்கார்ட், கிளப் மீட்டிங், ஹேக்கத்தான், பிளேஸ்மென்ட் டிரெய்னிங். இதுல எதுவும் பொய் இல்லை. ஆனா அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி நாம எதை ஒளிச்சு வைக்கிறோம்னு எனக்குப் புரிய வச்சது ஒரு கிழட்டுக் குதிரை. அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

மின்னலும் 5:30 மணியும்

என் ஊர் மசினகுடி. ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில 36 கொண்டை ஊசி வளைவு இறங்கினா வர்ற ஊர். அப்பா ஜீப் ஓட்டுறார். எங்க மாமா ஊட்டியில டூரிஸ்ட்களைக் குதிரையில ஏத்தி நடத்திக்கிட்டு இருந்தவர். முட்டிவலி வந்து அவர் அந்தத் தொழிலை விட்டப்போ, வயசான ஒரு குதிரையை மட்டும் விக்க மனசில்லாம எங்க வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டுட்டார். பேரு மின்னல். பேருக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு கட்டு புல்லை முடிக்க அரை நாள் எடுத்துக்கும்.

எங்க ஊர்ல குதிரை வளர்க்கிறதுக்கு ஒரே ஒரு கறாரான விதி இருக்கு. சாயங்காலம் 5:30-க்குள்ள அதைக் கொட்டகையில விட்டுக் கதவைப் பூட்டணும். சுத்தி முதுமலை காடு. சிறுத்தை வரும், யானை வரும். 2021 அக்டோபர்ல டி23 புலியைப் பிடிச்சாங்களே, அது எங்க ஊர்ப் பக்கம்தான். அந்த நாட்கள்ல ஊரே சாயங்காலமானா கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தது. அதனால 5:30 என்பது எங்க வீட்டுல பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது இல்லை.

போன வருஷம் ஸ்டடி ஹாலிடேஸ்ல வீட்டுல இருந்தேன். அம்மாவுக்கு ஊட்டியில செக்-அப். கூட தங்கச்சி போயிருந்தா. அப்பா ஜீப்ல. கிளம்பும்போது தங்கச்சி ஒரே ஒரு வேலைதான் சொன்னா: "அண்ணா, மின்னலை மட்டும் அஞ்சரைக்குக் கட்டிடு." நான் தலையாட்டினேன். அப்போ ஒரு ஹேக்கத்தானுக்கு டீமோட கால்ல இருந்தேன். கோடுல ஒரு பக். இதோ முடிஞ்சிடும், இதோ முடிஞ்சிடும்னு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தப்போ மணி ஏழு தாண்டியிருந்தது. பக்கத்துல எங்கேயோ புள்ளிமான் கத்துற சத்தம். மசினகுடிக்காரனுக்கு அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டார்ச் எடுத்துக்கிட்டு ஓடினேன். மின்னல் உயிரோடதான் இருந்தது. ஆனா பயத்துல கயிறை இழுத்து இழுத்து, கயிறு பின்னங்கால்ல சுத்தி, குளம்புக்கு மேல தோல் அறுந்து ரத்தம். உடம்பு முழுக்க வேர்வை. என்னைப் பார்த்ததும் பின்னாடி நகர்ந்தது. நாலாங்கிளாஸ்ல இருந்து என் கையில கேரட் வாங்கித் தின்ன குதிரை அது.

ராத்திரி தங்கச்சி வந்து பார்த்தா. திட்டலை. வெந்நீர் வச்சுக் காயத்தைக் கழுவிக்கிட்டே கேட்டா: "நான் பிஸியா இருந்தேன்னு சொல்ற. நீ பிஸின்னா மத்தவங்கெல்லாம் சும்மா இருக்காங்கன்னு அர்த்தமாண்ணா?"

அவ அப்போ பிளஸ் டூ. மூணு வாரம் தினமும் காலையில டியூஷனுக்கு முன்னாடி எந்திரிச்சு, அந்தக் காலுக்கு மருந்து வச்சுக் கட்டினது அவதான். நான் நாலாவது நாளே ஹாஸ்டலுக்குக் கிளம்பிட்டேன். எக்ஸாம் இருந்ததே!

20-க்கு 60 மீட்டர்

அந்த ராத்திரி தூக்கம் வரலை. போன்ல குதிரை வீடியோவா பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்படித்தான் டிரெஸ்ஸாஜ் என்கிற விளையாட்டுக்குள்ள போய் விழுந்தேன்.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: டிரெஸ்ஸாஜ் குதிரையேற்றப் போட்டிகள்ல ஒண்ணு. ரேஸ் கிடையாது, தாண்டுறதும் கிடையாது. 20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம் உள்ள மணல் களத்துல குதிரையும் மனிதரும் சேர்ந்து, முன்கூட்டியே வகுத்த அசைவுகளைச் செய்து காட்டணும். நின்ற இடத்திலேயே துள்ளுநடை போடுவது 'பியாஃப்'. பின்னங்கால்களை மையமா வச்சு ஒரு வட்டம் சுழல்வது 'பிரூவெட்'. ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மார்க் போடுவாங்க. கடைசியில எல்லாம் சேர்ந்து சதவீதமா வரும். நம்ம கிரேடு ஷீட் மாதிரியேதான்.

விஷயம் என்னன்னா, பார்க்கிறவங்க கண்ணுக்கு மேல உட்கார்ந்திருக்கிறவர் எதுவுமே செய்யாத மாதிரி தெரியணும். இடுப்பை லேசா அழுத்துவார், கெண்டைக்காலால தொடுவார், அவ்வளவுதான். தோல்ல ஒரு ஈ உட்கார்ந்தாலே உணருற பிராணி குதிரை. அந்த நுணுக்கத்தை நம்பித்தான் மொத்த விளையாட்டும் நிக்குது. எங்க ஊருக்குப் பக்கத்துல தெப்பக்காடு யானை முகாமுக்குப் போயிருந்தீங்கன்னா இது உங்களுக்குப் புதுசா இருக்காது. யானையோட காதுக்குப் பின்னாடி பாகன் கால் விரலால கொடுக்கிற சின்ன சைகையும் இதே இலக்கணம்தான்.

இந்தப் பழக்கத்தை உண்டாக்க வருஷக் கணக்காகும். அதுவும் தினமும் செய்தா. எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி ஒரு யூனிட்டை முழுங்கிட்டுப் போய் பாஸ் பண்ற வித்தை நமக்குத் தெரியும். குதிரைகிட்ட அது நடக்காது. நேத்து வராம, இன்னைக்கு ஆறு மணி நேரம் சேர்த்து ஓட்டுறேன்னு சொன்னா, அதுக்குக் கிடைக்கிறது கால் வீக்கம்தான். அதோட வயிறும் அப்படித்தான். உடம்போட ஒப்பிட்டா குதிரையோட இரைப்பை சின்னது. கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்கத் தின்னுக்கிட்டே இருக்கணும். ஒரு வேளையை விட்டுட்டு அடுத்த வேளை ரெண்டு பங்கா வச்சா வயித்துவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவணும். கொட்டகையைத் தினமும் அள்ளணும். அதுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது, தீபாவளி தெரியாது, நம்ம செமஸ்டர் டைம்டேபிளும் தெரியாது. குதிரைக்கு அரியர் கிடையாது மக்களே.

அப்புறம் எப்படி வாழுறாங்க?

இங்கதான் எனக்கு ஆச்சரியம் ஆரம்பிச்சுது. தினமும் குதிரை. அதோட குடும்பம், போட்டிக்கான பயணம், உடற்பயிற்சி, சிலருக்கு வேற தொழில். இவ்வளவும் ஒரு 24 மணி நேரத்துக்குள்ள எப்படி அடங்குது?

ஜெர்மனியின் யெசிகா ஃபான் பிரெடோ-வெர்ன்டில் 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு தங்கம் வாங்கினவங்க. 2022-ல அவங்களுக்கு ரெண்டாவது குழந்தை பிறந்தது. 2024 பாரிஸ்ல அதே டலேரா என்கிற குதிரையோட மறுபடியும் ரெண்டு தங்கம்.

ஜப்பானின் ஹிரோஷி ஹொகெட்சு இன்னும் சுவாரசியமானவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல குதிரைத் தாண்டும் போட்டியில கலந்துக்கிட்டார். அப்புறம் பல வருஷம் ஒரு பெரிய நிறுவனத்துல உயர் பதவி. காலையில குதிரை ஏறிட்டு அப்புறம் ஆபீஸ் போறதுதான் அவரோட வழக்கம். ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 71 வயசுல டிரெஸ்ஸாஜ் களத்துல இறங்கினார். கேட்கவே புல்லரிக்குது, இல்லையா? ஆனா இதே கதையில இன்னொரு வரி இருக்கு. அவர் ஜெர்மனியில குதிரையோட இருந்த அந்த வருஷங்கள்ல அவரோட மனைவி ஜப்பான்ல இருந்தாங்க. அந்த வரியை எந்த மோட்டிவேஷன் ரீல்ஸ்லயும் போட மாட்டாங்க.

நம்ம ஆளுங்க கதைக்கு வருவோம். கொல்கத்தாவின் அனுஷ் அகர்வாலா ஸ்கூல் படிக்கும்போதே வார இறுதிகள்ல டெல்லிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவர். 17 வயசுல ஜெர்மனிக்கே போயிட்டார். நாம பிளஸ் டூ முடிச்சு கவுன்சிலிங்குக்கு அலைஞ்ச வயசு அது. 2023 செப்டம்பர் 26 அன்னைக்கு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில அனுஷ், ஹிருதய் விபுல் சேடா, திவ்யக்ருதி சிங், சுதிப்தி ஹஜேலா நாலு பேரும் சேர்ந்து இந்தியாவுக்கு டிரெஸ்ஸாஜ் அணிப் பிரிவுல தங்கம் வாங்கினாங்க. 1982 டெல்லி ஆசியப் போட்டிக்கு அப்புறம், 41 வருஷம் கழிச்சு குதிரையேற்றத்துல வந்த தங்கம் அது. ரெண்டு நாள் கழிச்சு அனுஷ் தனிநபர் பிரிவுல வெண்கலமும் வாங்கினார். 2024 பாரிஸ்ல, ஒலிம்பிக்ஸ் டிரெஸ்ஸாஜ்ல பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார்.

ஏன் எல்லாரும் ஐரோப்பாவுக்கே போறாங்க? நல்ல பயிற்சியாளர்களும் போட்டிகளும் அங்க இருக்கிறது ஒரு காரணம். இந்தியாவுல இருக்கிற குதிரையை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பறதுல நோய்த்தடுப்பு விதிகளால பெரிய சிக்கல் இருக்கிறது இன்னொண்ணு. 2025-ல தான் மீரட் ராணுவ வளாகத்துல இருக்கிற ஒரு மையத்துக்கு, குதிரை நோய்கள் இல்லாத வளாகம் என்கிற சர்வதேச அங்கீகாரம் கிடைச்சிருக்கு. இதுவரைக்கும் இந்தப் பிள்ளைங்க வீட்டை விட்டுப் போனதுல ஒரு பங்கு ஆசை, ஒரு பங்கு விதிமுறை.

ஓட்டத்தையும் விட முடியாது. குதிரை மேல உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன வேலைன்னு நினைக்காதீங்க. அரை டன்னுக்கு மேல எடையுள்ள ஒரு உடம்பு கீழே துள்ளும்போது, மேலே அசையாத மாதிரி இருக்கணும்னா வயிறு, முதுகு, மூச்சு மூணும் கட்டுக்குள்ள இருக்கணும். மூச்சு வாங்கினா சைகை தப்பும், சைகை தப்பினா குதிரை குழம்பும். அதனால பல பேர் தனியா ஓட்டமும் உடற்பயிற்சியும் வச்சிருக்காங்க. (எங்க ஊர்ல விடியக்காலை அஞ்சு மணிக்கு ஓட முடியாது. யானை எதிர்ல வந்தா நம்ம பெர்சனல் பெஸ்ட் டைமிங் தானா வந்துடும், ஆனா அதைக் கொண்டாட நாம இருப்போமான்னு தெரியாது.)

இது பணக்காரங்க விளையாட்டுதானே?

ஆமா. மறுக்கவே இல்லை. அந்த அளவு குதிரை ஒண்ணோட விலை நம்ம நாலு வருஷ ஃபீஸ் மாதிரி பல மடங்கு. ஜெர்மனியில தங்க, குதிரையை விமானத்துல கொண்டு போக, எல்லாத்துக்கும் பணம் வேணும். "அவங்களைப் பார், நீயும் முயற்சி பண்ணு"ன்னு சொல்ற கட்டுரை இது இல்லை. மசினகுடியில இருந்து ஜீப் டிரைவரோட பையன் டிரெஸ்ஸாஜ் ஆட முடியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

நான் சொல்ல வர்றது வேற. அந்தப் பணக்கார விளையாட்டுல ஒரு விஷயம் அப்பட்டமா தெரியுது. நம்ம வாழ்க்கையிலயும் அது இருக்கு, நமக்குத்தான் தெரியலை.

ஒரு டிரெஸ்ஸாஜ் வீரர் பயணத்துல இருக்கும்போது அவரோட மத்த குதிரைகளுக்குத் தீனி வைக்கிறது யாரு? விடியக்காலை எந்திரிச்சு கொட்டகை அள்ளுறது, உடம்பு தேய்க்கிறது, காலைத் தடவிப் பார்த்துச் சூடு இருக்கான்னு சோதிக்கிறது யாரு? ஒரு பராமரிப்பாளர். ரேஸ் கிளப் பக்கம் 'சைஸ்'னு சொல்வாங்க. நீங்க ஒரு பதக்க விழா வீடியோவைப் போட்டுப் பாருங்க, ஓரத்துல கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பார். தெப்பக்காட்டுல பாகனுக்கு ஒரு காவடி இருக்கிற மாதிரி. அம்மா போட்டியில இருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கிறதும் யாரோ ஒருத்தர்தான். ஆக, ஒருத்தர் பிஸியா இருக்க முடியுதுன்னா, அந்த நேரத்தை வேற யாரோ தன் கையில இருந்து கொடுக்கிறாங்க. அந்த விளையாட்டுல இது சம்பளப் பட்டியல்லயே இருக்கு. நம்ம வீட்டுல இது எந்தப் பட்டியல்லயும் இல்லை. அதுதான் வித்தியாசம்.

யாரும் கொடுக்கலைன்னா என்ன ஆகும்? அப்போ வாய் பேசாத குதிரை கொடுக்கும். 2024 ஜூலையில, பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தொடங்க சில நாள் இருக்கும்போது, பிரிட்டனின் சார்லட் டூஜார்டின் பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்ல திரும்பத் திரும்பச் சவுக்கால் அடிக்கிற பழைய வீடியோ வெளியில வந்தது. அவங்க தப்பை ஒத்துக்கிட்டுப் போட்டியில இருந்து விலகினாங்க. ஒரு வருஷத் தடையும் வந்தது. மூணு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்க. அந்த ஒரு நிமிஷம் அவங்க மனசுல என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. ஆனா என் மனசுல அன்னைக்கு ஏழு மணிக்கு என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியும். 'முதல்ல என் வேலை.' அவ்வளவுதான். அவங்களை நான் ஜட்ஜ் பண்ற இடத்துல இல்லை. என் குதிரைக்கும் கால்ல காயம்தான்.

மசினகுடிக்குப் பக்கத்துல மாவனல்லாவுல ஐபான் என்கிற விலங்குகள் காப்பகம் இருக்கு. கைவிடப்பட்ட குதிரை, கழுதையெல்லாம் அங்க கடைசிக் காலத்தைக் கழிக்குது. சின்ன வயசுல இருந்து அந்த வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன். அந்த ஒவ்வொரு குதிரைக்கும் எப்போவோ ஒரு சொந்தக்காரர் இருந்திருப்பார்னு இப்போதான் யோசிக்கிறேன்.

அந்த நாலாவது ஸ்கோர்

ஹாங்சோ தங்கத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விவரம் இருக்கு. அணிப் பிரிவுல நாலு பேர் ஓட்டுவாங்க, ஆனா சிறந்த மூணு ஸ்கோர்தான் கணக்குல வரும். அனுஷ் 71.088, ஹிருதய் 69.941, திவ்யக்ருதி 68.176. கூட்டிப் பாருங்க, 209.205 வரும். அதுதான் தங்கம் வாங்கின ஸ்கோர். சுதிப்தியோட 66.706 அந்தக் கூட்டல்ல இல்லை. ஆனா மேடையில அவங்களும் நின்னாங்க. அவங்க கழுத்துலயும் அதே தங்கம்.

உங்க கிரேடு ஷீட்டுலயும் அப்படி ஒரு ஸ்கோர் இருக்கு. கூட்டல்ல வராத ஸ்கோர். நீங்க ஹாஸ்டல்ல இருக்கிறதால பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற தம்பி. நீங்க புராஜெக்ட் டெமோல பேசணும்னு ராத்திரி முழுக்க ரிப்போர்ட் அடிச்ச டீம்மேட். ஓவர்டைம் பார்த்து ஃபீஸ் கட்டுற அப்பா. அவங்களை மேடைக்குக் கூப்பிடுறோமா? குறைஞ்சபட்சம், அவங்களுக்கும் வேலை இருக்குன்னாவது நமக்கு ஞாபகம் இருக்கா?

நான் உங்களை பிஸியா இருக்க வேண்டாம்னு சொல்லலை. நானே இதை எழுதுறது ரெண்டு அசைன்மென்ட்டைத் தள்ளி வச்சுட்டுத்தான். நான் சொல்றது ரெண்டே விஷயம்.

ஒண்ணு, எது தள்ளிப்போட முடியாததுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. மத்ததையெல்லாம் அதைச் சுத்தி அடுக்குங்க. காலையில குதிரை ஏறிட்டு ஆபீஸ் போன ஹொகெட்சு செஞ்சது அதைத்தான். நாம தலைகீழா அடுக்குறோம். டெட்லைன் இருக்கிறதையெல்லாம் முதல்ல வச்சுட்டு, டெட்லைன் இல்லாததை மிச்ச நேரத்துக்கு விடுறோம். அம்மாவுக்கு டெட்லைன் கிடையாதுங்கிறதாலயே அம்மா எப்பவும் கடைசியில வர்றாங்க.

ரெண்டு, அடுத்த தடவை "நான் பிஸி"ன்னு சொல்ல வாய் திறக்கும்போது, அந்த நேரத்துல உங்க வேலையை யார் செய்றாங்கன்னு ஒரு செகண்ட் யோசிங்க. பேர் ஞாபகம் வந்தா, அன்னைக்கே அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. பெரிசா எதுவும் பேச வேண்டாம். "சாப்பிட்டியா, இன்னைக்கு என்ன வேலை"ன்னு கேட்டாலே போதும்.

மின்னலோட கால் ஆறிடுச்சு. குளம்புக்கு மேல அந்த இடத்துல மட்டும் முடி வெள்ளையா முளைச்சிருக்கு. போன லீவுல போனப்போ முதல் ரெண்டு நாள் என்கிட்ட வரலை. மூணாவது நாள் கேரட் வாங்கிக்கிச்சு. கொட்டகையை அந்தப் பத்து நாளும் நான்தான் அள்ளினேன். தங்கச்சி வாசல்ல உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படிச்சுக்கிட்டே, "அந்த மூலையில இன்னும் இருக்கு பாரு"ன்னு சூப்பர்வைசர் வேலை பார்த்தா.

இப்போ என் போன்ல தினமும் சாயங்காலம் 5:30-க்கு ஒரு அலாரம் அடிக்கும். லேப்ல இருந்தாலும் அடிக்கும், ஒருநாள் வைவாலயே அடிச்சுத் தொலைச்சது. வெளியில வந்து வீட்டுக்கு ஒரு போன் போடுவேன். "கட்டியாச்சா?"ன்னு கேட்பேன். "கட்டியாச்சு"ன்னு சொல்லுவா. அதுக்கப்புறம் அவ அன்னைக்கு நடந்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பா.

மணி 5:28 ஆகுது. வர்றேன் மக்களே.